கணினியை மாற்றும் நாளைக் குறிப்பவர் எவர்?

2025ஆம் ஆண்டு அக்தோபர்த் திங்கள் 14ஆம் நாளன்று, அமெரிக்க நாட்டின் மைக்ரோசாப்டு நிறுவனம் தன் ‘விண்டோசு 10’ இயங்குதளத்தைப் பேணும் பணியை நிறுத்திக்கொண்டது. 2015 சூலை 29-இல் வெளிவந்த அவ்வியங்குதளத்திற்கு அந்நிறுவனம் வகுத்த வாழ்நாள் பத்தாண்டு. கடல்கடந்த ஊரில் எடுத்த அம்முடிபு, வடசொல்லால் தாமிரபரணி எனப்படும் பொருநை பாயும் நெல்லை நிலத்தின் வீடுகளிலும் வந்து நிற்கின்றது. அம்பாசமுத்திரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியரின் வீடாயினும், பாளையங்கோட்டையில் ஆய்வு மாணவரின் அறையாயினும், திருவைகுண்டத்தில் அழைப்பிதழ் அச்சிடும் சிறு கடையாயினும், பழைய கணினியைத் திறந்தால் திரையில் தோன்றும் செய்தியின் பொருள் ஒன்றே. காலம் முடிந்தது, புதியதற்கு மாறுக, மாற இயலாதெனில் வேறு கணினி வாங்குக!

இச்செய்தியைக் கண்டோர் இரு சாராராகப் பிரிந்து நிற்கின்றனர். ஒரு சாரார் அஞ்சி, நன்கு ஓடிக்கொண்டிருக்கும் பொறியைப் பழைய இரும்புக் கடைக்குத் தள்ளிவிட்டுக் கடன்பட்டேனும் புதியது வாங்க விரைகின்றனர். மற்றொரு சாரார், ஓடுகின்ற வரையில் ஓடட்டும் என்று வாளா இருக்கின்றனர். முன்னவர் வணிகன் குறித்த நாளைத் தம் நாளாகக் கொண்டனர். பின்னவர் நாளே குறியாது, கேடு வந்து குறிக்கட்டும் என விட்டனர். இருவருமே முடிபெடுக்கும் உரிமையைப் பிறர் கையில் ஒப்படைத்தவரே! கணினியையும் அதன் இயங்குதளத்தையும் எப்பொழுது மாற்றுவது என்னும் கேள்வி, வெறும் பணக் கணக்கோடு முடிவதன்று. ஒரு வீட்டின் தமிழ் எழுத்துச் செல்வம் வாழ்வதா மாய்வதா என்பதும் அதனுள் அடங்கியுள்ளது.

முதற்கண், பேணுதல் நிறுத்தப்பட்டது என்பதன் பொருளைத் தெளிதல் வேண்டும். அக்தோபர் 14-ஐக் கடந்தும் விண்டோசு 10 கணினிகள் ஓடுகின்றன, எழுதுகின்றன, அச்சிடுகின்றன. நின்றுபோனது ஒன்றே. இயங்குதளம் என்பது பல கோடி வரி நிரல்களால் ஆன பெரியதொரு கட்டடம். அதன் சுவரில் நாள்தோறும் புதிய ஓட்டைகள் கண்டறியப்படுகின்றன. பேணுகின்ற வரையில், ஆக்கியவர் அவ்வோட்டைகளைத் திங்கள்தோறும் அடைத்துத் தருவர். பேணுதல் நின்றபின் கண்டறியப்படும் ஓட்டை, அடைப்பாரின்றித் திறந்தே கிடக்கும். கள்வனுக்கு அது தெரியும், வீட்டுக்காரனுக்குத் தெரியாது.

இது வெறும் அச்சுறுத்தல் என்று தள்ளிவிடத் தக்கதன்று. 2017 மே 12-இல் ‘வான்னா கிரை’ என்னும் பணயத் தீநிரல் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளின் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்து நாட்டின் அரசு மருத்துவமனைகளிலும் பணிகள் முடங்கின. அத்தீநிரல் நுழைந்த ஓட்டைக்குரிய அடைப்பை மைக்ரோசாப்டு நிறுவனம் அவ்வாண்டு மார்ச்சுத் திங்களிலேயே வெளியிட்டிருந்தது. கிடைத்த அடைப்பை இடாது காலந்தாழ்த்தியவரே பெரிதும் சிக்கினர். 2014 ஏப்பிரல் 8-இலேயே பேணுதல் நின்றுபோன ‘விண்டோசு எக்சு.பி.’க்கோ, கேடு நேர்ந்த பின்னரே நெருக்கடி அடைப்பு வந்தது. ஆகலின், பேணுதல் அற்ற இயங்குதளத்தை இணையத்தோடு பிணைத்து, அதில் வங்கிக் கணக்கையும் திறந்து வைத்திருப்பது, கதவில்லாத வீட்டில் நெற்குதிரை வைத்தது போன்றதேயாம்.

மறுபுறத்தையும் முறையாக நோக்குதல் வேண்டும். 2021 அக்தோபர் 5-இல் வந்த ‘விண்டோசு 11’, எல்லாப் பொறியிலும் ஏறுவதில்லை. மறைச் சாவிகளைக் காக்கும் ‘டி.பி.எம். 2.0’ என்னும் கூறு அதற்கு வேண்டும். 4 கிகாபைட்டு நினைவகமும் 64 கிகாபைட்டுச் சேமிப்பும் வேண்டும். இவை இருந்தும், நிறுவனம் ஏற்ற பட்டியலில் செயலியின் பெயர் இல்லையெனில் வழி அடைபடுகின்றது. இன்டெல் செயலிகளுள் 8ஆம் தலைமுறைக்கு முற்பட்டவை மிகப் பெரும்பாலும் அப்பட்டியலில் இல்லை. அத் தலைமுறையோ 2017-இல்தான் வெளிவந்தது. எனவே 2016-இலும் 2017-இலும் உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொட்டி வாங்கிய கணினிகள் பல, எட்டாண்டு முடியுமுன்னரே தகுதியற்றவை ஆக்கப்பட்டன. காவலைக் கூட்டுவதற்கென்று அந்நிறுவனம் சொல்லும் கரணியத்தில் உண்மை உண்டு. எனினும் தட்டச்சு, மின்மடல், இணையம், பிள்ளைகளின் பாடம் ஆகியவற்றுக்கு அப்பொறிகளின் ஆற்றல் இன்றும் மிகையே. பொறி கிழப்பருவம் எய்தவில்லை. அதற்குரிய நுழைவாயிலே குறுக்கப்பட்டது. ஓராண்டுக்கு மட்டும், அதாவது 2026 அக்தோபர் 13 வரை, கட்டணத்தின் பேரிலோ தன் இணையக் கணக்கில் பிணைந்திருக்கும் உடன்பாட்டின் பேரிலோ காப்பு அடைப்புகளை நீட்டித்துத் தருவதாகவும் அந்நிறுவனம் அறிவித்தது. நீட்டித்தவர் எவரோ, நிறுத்துபவரும் அவரே என்பதை மறத்தல் கூடாது.

அங்ஙனமாயின் புதியதற்கு மாறுதலே தவறோ எனின், அன்று. மாறியே தீரவேண்டிய காலமும் தமிழுக்கு இருந்தது. கணினித் தமிழின் வரலாறே அதற்குச் சான்று.

1990-களில் தமிழ் எழுதிய கணினிகளில் ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு தனியரசாக இருந்தது. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அவரவர் விருப்பப்படி இருத்தினர். ஓர் எழுத்துருவில் எழுதிய மடலை வேறு எழுத்துருவில் திறந்தால், தமிழ் இருந்த இடத்தில் பொருளற்ற குறிகள் சிதறிக் கிடக்கும். 1999 பிப்பிரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் வழியே ‘தமிழ்99’ விசைப்பலகையும், ‘டாம்’, ‘டாப்’ என்னும் குறியாக்கங்களும் தர நெறிகளாக வகுக்கப்பட்டன. அதற்கு முன்னரே, 1991-இல், உலக மொழிகள் அனைத்திற்கும் பொதுவான ஒருங்குறியில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி ஒதுக்கப்பட்டிருந்தது. ஆயினும் அதைத் திரையில் வரைந்து காட்டும் ஆற்றல் அக்காலத்து வீட்டுக் கணினிகளுக்கு இல்லை.

அதன் கரணியம் எளிது. ஒருங்குறியில் ‘கொ’ என்னும் எழுத்து, ககரத்திற்கு ஒரு குறியும் ஒகரத்திற்கு ஒரு குறியுமாகச் சேமிக்கப்படுகின்றது. அவ்வொகரக் குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பைக் ககரத்தின் முன்னும் காலைப் பின்னும் நிறுத்தி வரைதல் இயங்குதளத்தின் வேலை. விண்டோசு 98-இல் அவ்வறிவு அமைந்திருக்கவில்லை. விண்டோசு 2000-இலும், 2001-இல் வந்த எக்சு.பி.யிலும் அது அமைந்தது. அன்று பழைய இயங்குதளத்தை விட்டுப் புதியதற்கு மாறியவர், தமிழை உலகெங்கும் ஒரே முறையில் எழுதவும் தேடவும் பெறும் உரிமையை அடைந்தனர். தமிழக அரசும் 2010-இல் ஒருங்குறியையும் ‘டேசு-16’ என்னும் அனைத்தெழுத்துக் குறியாக்கத்தையும் தர நெறிகளாக ஏற்றது. விண்டோசு 10-இன் பிந்தைய பதிப்புகளில் தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே சேர்ந்தது. இவை தமிழுக்கு ஊதியம் தந்த மாற்றங்கள். அவ்வாறு தமிழுக்கு வேண்டிய அடிப்படை எல்லாம் விண்டோசு 10-இலேயே அமைந்துவிட்டமையால், தமிழ் எழுதுதல் ஒன்றையே கருதி அதை விட்டு மாறவேண்டிய கட்டாயம் இன்றில்லை. இன்றைய மாற்றத்திற்குரிய கரணியம் காவல் ஒன்றே. இவ்வேறுபாட்டை உணர்ந்தவர்க்கு, எதற்காக மாறுகின்றோம் என்பதும் எவ்வளவு செலவிடத் தகும் என்பதும் தாமே விளங்கும்.

மாற்றத்தினும் பெரிய இடர் ஒன்று மாற்றும் செயலிலேயே ஒளிந்திருக்கின்றது. நெல்லை நிலம் அதனை ஒருமுறை பட்டறிந்ததுதான்.

பனையோலையின் வாழ்நாள் சில நூறு ஆண்டே. ஏடு சிதையுமுன் வேறு ஏட்டில் படியெடுத்தமையால்தான் பழந்தமிழ் நூல்கள் எஞ்சின. படியெடுக்க ஆளில்லாத இடத்தில் நூல் ஏட்டோடு அழிந்தது. உ.வே. சாமிநாதையர் ஏடு தேடித் திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் வந்து கவிராயர்களின் வீடுகளில் ஏட்டுக் கட்டுகளைப் புரட்டிய வரலாறு பலரும் அறிந்தது. அத்தேடலின் பயனாகப் பத்துப்பாட்டு 1889-இல் அச்சேறியது. அவரே, இன்று தென்காசி மாவட்டத்தில் அடங்கியுள்ள கரிவலம்வந்தநல்லூருக்கும் சென்றார். வரதுங்க பாண்டியன் திரட்டிய ஏடுகள் அவ்வூர்க் கோயிலில் உளவென்று கேள்வியுற்றே சென்றார். சென்றவர்க்குக் கிடைத்த விடை, பழுதுற்ற ஏடுகள் நெய்யில் தோய்த்து எரியில் இடப்பட்டன என்பதே! பழையனவற்றை முறைப்படி கழித்ததாகவே அங்கிருந்தோர் எண்ணினர். எரிந்தவற்றுள் என்னென்ன நூல்கள் இருந்தன என்பதை இனி எவரும் சொல்ல இயலாது.

அத்தீயில் ஓலை எரிந்தது. இன்றைய தீயில் புகையும் எழுவதில்லை. நெல்லையிலும் பாளையிலும் இருபது, முப்பது ஆண்டுகளாகக் கணினி அச்சுக்கோப்புக் கடைகளில் தட்டச்சான கோயில் வரலாறுகள், ஊர் மலர்கள், ஆய்வேடுகள், கவியரங்கப் பாக்கள், குடிவழிப் பட்டியல்கள் எத்துணையோ! அவற்றுள் பல அச்சாகவே இல்லை. அச்சானவற்றுக்கும் மூலம் பழைய வன்தட்டில் கிடக்கின்றது. அதுவும் ‘பாமினி’ போன்ற பழைய எழுத்துருவில், பேச்மேக்கர் போன்ற பழைய மென்பொருளின் கோப்பாகக் கிடக்கின்றது. கணினியைப் பழைய பொருளாக எடை போட்டு விற்கும் நாளில், அவையும் எடையோடு எடையாகப் போகின்றன. 1920-இல் நெல்லையில் தோன்றிய தென்னிந்திய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம் ஏட்டிலிருந்த தமிழை அச்சிலேற்றி ஊரூராகச் சேர்த்தது. ஓலையிலிருந்து தாளுக்கு அத்துணை உழைப்போடு கொண்டுவந்த மண்ணில், தட்டிலிருந்து தட்டுக்குப் படியெடுக்கும் சிறு வேலைக்குச் சோம்பி எழுத்தை இழப்பது எவ்வளவு பெரிய இழிவு!

ஆகவே எந்தக் கணினியை மாற்றுவதற்கும் முதல் விதி இது: எழுத்தைக் காத்த பின்னரே பொறியைக் கைவிடுதல் வேண்டும். காத்தல் என்பது கோப்புகளைப் புதிய கணினிக்கு அப்படியே தள்ளிவிடுவதோடு முடிவதன்று. பழைய எழுத்துரு இல்லாத பொறியில் அக்கோப்பு திறந்தும் பயனில்லை. பழைய குறியாக்கங்களை ஒருங்குறியாக்கும் மாற்றி மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன. பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே, எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் உள்ளது என்று குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக மாற்றி, மாற்றியதை ஒருமுறை கண்ணால் படித்துத் திருத்துதல் வேண்டும். காலும் ரகரமும் இடம் மாறி நிற்பது போன்ற பிழைகளை மாந்தக் கண்ணே பிடிக்கும். கோப்பின் மூலத்தையும் அழிக்காது உடன் வைத்தல் நன்று.

படி ஒன்று போதாது. 2023 திசம்பர் 17, 18 நாள்களில் பெய்த பெருமழையை நெல்லையும் தூத்துக்குடியும் மறந்திருக்கமாட்டா. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது. பொருநை கரை புரண்டு வீடுகளுக்குள் புகுந்தது. கணினி மேசை அடியிலும், அதன் படி வைத்த விரலி அதே மேசையின் இழுப்பறையிலும் இருந்தால், வெள்ளத்திற்கு இரண்டும் ஒன்றே. எனவே படிகள் மூன்று வேண்டும். ஒன்று கணினியில், மற்றொன்று தனி வன்தட்டில், மூன்றாவது வேற்றூரிலுள்ள உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ இருத்தல் வேண்டும். இதற்கு ஆகும் செலவு, புதிய கணினியின் விலையில் மிகச் சிறு பங்கே.

எழுத்து காக்கப்பட்டபின், எப்பொழுது மாற்றுவது என்னும் கேள்விக்கு வரலாம். இதற்கும் பொருநைக் கரை உழவனிடமே பாடம் இருக்கின்றது. இவ்வாற்றின் குறுக்கே பழைய அணைக்கட்டுகள் எட்டு. கடைசியாக உள்ள திருவைகுண்டம் அணைக்கட்டு 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் கட்டப்பட்டது. மற்றவை அதனினும் பழையன. பழையன என்பதற்காக எவரும் அவற்றை இடித்துத் தள்ளவில்லை. தூர் வாரியும், உடைந்த கல்லை மாற்றியும், மடைப் பலகையைப் புதுக்கியும் இன்றளவும் அவை வயலுக்கு நீர் தருகின்றன. கார்ப் பயிரோ பிசானப் பயிரோ நிற்கையில் மடையைப் பிரிப்பாரும் இல்லை. வெள்ளம் வருமென்று அறிந்தபின் உடைந்த மடையை அப்படியே விடுவாரும் இல்லை. அறுவடை முடிந்து வயல் ஓய்ந்த நாளே பழுதுபார்க்கும் நாள்.

இதனைக் கணினிக்குப் பொருத்திப் பார்த்தால் முடிபு எளிதாகின்றது. தேர்வு நெருங்கும் நாளில், ஆய்வேட்டின் இறுதி இயல் எழுதும் நாளில், கடைக்கு முகூர்த்த அழைப்பிதழ்கள் குவியும் திங்களில் இயங்குதளத்தை மாற்றுதல் கூடாது. ஓய்ந்த நாளைத் தாமே தெரிந்து குறித்தல் வேண்டும். குறித்த நாள் வருமுன் மூன்று கேள்விகளுக்கு விடை காணுதல் வேண்டும்.

முதற் கேள்வி: பழுது எங்கே உள்ளது? கணினி மெதுவாகின்றது என்றாலே அது கிழமாயிற்று என்று கருதிவிடுகின்றனர். சுழலும் பழைய வன்தட்டை எடுத்துவிட்டு ‘எசு.எசு.டி.’ என்னும் திண்மச் சேமிப்பகத்தைப் பொருத்தினால், நிமையக் கணக்கில் காக்க வைத்த கணினி நொடிக் கணக்கில் எழுந்துவிடும். 4 கிகாபைட்டு நினைவகத்தை 8 ஆக்கினால் திணறல் பெரிதும் குறையும். விசிறியில் அடைந்த தூசியைத் துடைத்தாலே நெல்லை வெயிலில் சூடேறி நின்றுபோகும் கணினிகள் பல பிழைத்துக்கொள்ளும். செயற்கை அறிவுப் பணிக்கான பெருங்கூடங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டமையால், 2025-இன் இறுதியில் உலகெங்கும் அவற்றின் விலை ஏறியது என்பதையும் கருத்தில் கொண்டு, இருப்பதைப் பேணுதலே அறிவுடைமை. தாய்ப்பலகையே பழுதாகி, மாற்று உறுப்பும் கிடைக்காதபொழுதே பொறி மாண்டது என்க.

இரண்டாம் கேள்வி: இயங்குதளம் பேணப்படுகின்றதா? பேணப்படுகின்றதாயின், புதிய எண் வந்தது என்பதற்காக மட்டும் ஓடுதல் வேண்டா. புதிய பதிப்பு வந்த முதல் திங்களிலேயே அதில் ஏறுவோர், பிறருக்காகப் பிழை தேடும் கூலியில்லா ஆட்களே. ஆறு திங்கள் பொறுத்துப் பிழைகள் களையப்பட்டபின் ஏறுதல் நன்று. ஆனால் பேணுதல் நின்றுவிட்டதாயின், அதே இயங்குதளத்தோடு இணையத்தில் உலவும் ஒவ்வொரு நாளும் இடர் மிகும். அப்பொழுது காலந்தாழ்த்துதல் பொறுமை ஆகாது, மடமையே ஆகும்.

மூன்றாம் கேள்வி: அக்கணினியால் செய்யும் பணி யாது? எழுதுதல், படித்தல், மின்மடல், இணையம் ஆகியவையே பணியாயின், புதிய பொறி தேவையே இல்லை. இயங்குதளத்தை மட்டும் மாற்றினால் போதும். அதுவும் விலைகொடுத்து வாங்கும் இயங்குதளமாக இருக்கவேண்டிய கட்டாயமும் இல்லை.

1991-இல் பின்லாந்து நாட்டின் மாணவர் இலினசு தோர்வால்ட்சு தொடங்கிய ‘இலினக்சு’, இன்று உலகெங்கும் ஆர்வலர்களாலும் நிறுவனங்களாலும் பொதுவுடைமையாக வளர்க்கப்படுகின்றது. அதன் நிரல் மறைக்கப்படுவதில்லை. எவரும் படிக்கலாம்; படியெடுக்கலாம்; மாற்றலாம். அதன்மீது எழுந்த ‘உபுண்டு’ இயங்குதளத்தின் நெடுநாள் பதிப்பு ஈராண்டுக்கு ஒருமுறை வெளிவருகின்றது. ஒவ்வொன்றும் ஐந்தாண்டு விலையின்றிப் பேணப்படுகின்றது. விண்டோசு 11 தள்ளிவிட்ட பொறிகள் பலவற்றில் இவை இடரின்றி ஓடும். ஒருங்குறித் தமிழும் தமிழ்99 விசைப்பலகையும் இவற்றில் கிடைக்கின்றன. முகப்பையும் அலுவலக மென்பொருளையும் தமிழாக்கியோர், கூலி கருதாது உழைத்த தமிழ் இளைஞரே. நிறுவிப் பார்க்குமுன் விரலியில் ஏற்றி, வன்தட்டைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கவும் வழியுண்டு. அச்சுப்பொறி இயங்குகின்றதா, இணையம் கிடைக்கின்றதா, தமிழ் சரியாகத் தெரிகின்றதா என்று ஒரு மாலைப் பொழுதில் கண்டுகொள்ளலாம்.

இதிலும் குறை இல்லாமல் இல்லை. விண்டோசுக்கென்றே எழுதிய கணக்கு மென்பொருளும் பழைய அச்சுக்கோப்பு மென்பொருளும் இலினக்சில் நேராக ஓடமாட்டா. சில அச்சுப்பொறிகளும் ஒத்துழையா. அத்தகைய மென்பொருளால் பிழைப்பு நடத்தும் கடைக்காரர், பழைய கணினியை இணையத்திலிருந்து அறுத்துவிட்டு அவ்வொரு பணிக்கு மட்டும் வைத்துக்கொண்டு, இணையப் பணிக்கு வேறொன்றைப் பயன்கொள்ளலாம். அறுத்து வைத்த கணினிக்கு அயலார் விரலியை ஆராயாமல் செருகாதிருந்தால், அது இன்னும் பல்லாண்டு உழைக்கும். ஒளிப்பட வேலை, திரைப்படத் தொகுப்பு, பொறியியல் வரைவு என ஆற்றல் மிக வேண்டும் பணியினர் புதிய பொறி வாங்குதல் முறையே. தேவையால் வாங்குபவரை எவரும் குறைகூறார். அச்சத்தால் வாங்குபவரே இரங்கத்தக்கவர்.

தனி வீட்டால் ஆகாதது அரசால் ஆகும். 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால், கணினியையே கண்டிராத சிற்றூர் வீடுகளிலும் மடிக்கணினி நுழைந்தது. நெல்லை நிலத்தில் பல குடும்பங்களின் முதற் கணினி அதுவே. வழங்கிய கையோடு கடமை முடிந்ததென்று இருத்தல் சாலாது. பேணுதல் நின்ற இயங்குதளங்களோடு கிடக்கும் அம்மடிக்கணினிகளுக்குத் தமிழ் முகப்புடைய கட்டற்ற இயங்குதளத்தை ஏற்றித் தரும் முகாம்களை, அரசுப் பள்ளிகளும் கல்லூரிகளும் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் நடத்தலாகாதா? பொதிய மலைக்கு அப்பால் உள்ள கேரளம், தன் அரசுப் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றி, பள்ளிகளுக்கென்றே மலையாளம் எழுதவல்ல இயங்குதளத்தைத் தானே தொகுத்து வழங்கிவருகின்றது. மலையின் ஒருபுறத்தில் இயன்றது மறுபுறத்தில் இயலாது போகுமோ?

வீட்டுக் கணினியின் முகப்பைத் தமிழில் வைத்திருப்போர் எத்துணையர் என்பதையும் இவ்விடத்தில் கேட்டல் தகும். விண்டோசிலும் தமிழ் முகப்பு உண்டு, இலினக்சிலும் உண்டு. அயல்நாட்டார் தமிழில் ஆக்கித் தந்ததையும் ஆங்கிலத்திலேயே வைத்துப் பயன்கொள்ளும் அடிமை மனம், இயங்குதளத்தை எத்தனை முறை மாற்றினும் மாறுவதில்லை. பயன்கொள்வார் இல்லாத தமிழாக்கத்தை நிறுவனம் எத்தனை நாள் தொடரும்? மாற்றும் நாளில் முதற்பணியாக முகப்பைத் தமிழாக்குதல், செலவே இல்லாத தமிழ்த்தொண்டு.

இறுதியில், உண்மையாகவே மாண்டுபோன பொறியைக் கழிக்கும் முறை. கணினிக்குள் ஈயம் உண்டு. பாதரசமும் கட்மியமும் இருக்கக்கூடும். கம்பியிலுள்ள செம்புக்காக அதனைத் தெருவோரத்தில் எரிப்பவர் நுரையீரலில் அந்நஞ்சு ஏறுகின்றது. குப்பையில் எறிந்தால் மழைநீரோடு வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து பொருநைக்கும் செல்கின்றது. நெல்லையும் தூத்துக்குடியும் குடிக்கும் நீர் அது! 2023 ஏப்பிரல் 1 முதல் நடப்பில் உள்ள இந்திய அரசின் மின்கழிவு விதிகள், கழிவை மீட்டெடுக்கும் பொறுப்பை ஆக்கிய நிறுவனங்கள் மீதே சுமத்துகின்றன. பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைத்தலே முறை. ஒப்படைக்குமுன் வன்தட்டைக் கழற்றிக்கொள்ளுதல் வேண்டும். அல்லது அதிலுள்ளதை முற்றும் அழித்தல் வேண்டும். அழித்ததுபோல் தோன்றும் கோப்பையும் மீட்கும் வழிகள் உள.

இத்துணையும் தொகுத்துப் பார்க்கின், மாற்றும் நாளைக் குறிக்கத்தக்க அளவுகோல் தமிழர் கையிலேயே இருப்பது விளங்கும். எழுத்து காக்கப்பட்டதா, பழுது எங்கே உள்ளது, காவல் உளதா, பணி யாது என்னும் நான்கையும் எண்ணி, ஓய்ந்த நாளைத் தெரிந்து மாற்றுகின்றவனுக்கு எந்த நிறுவனத்தின் நாட்குறிப்பும் ஆணையாகாது. 2014-இல் எக்சு.பி.யும் 2020 சனவரி 14-இல் விண்டோசு 7-உம் 2025-இல் விண்டோசு 10-உம் நின்றன. இனி வருவனவும் ஒருநாள் நிற்கும். ஒவ்வொரு முறையும் அஞ்சி ஓடுவதா, அறிந்து நடப்பதா என்பதே தமிழர்முன் உள்ள கேள்வி.

இயங்குதளங்கள் வரும், போகும். அவற்றின்மீது எழுதிய தமிழ் போகலாகாது. இவ்வாரத்தில் ஒரு மாலைப்பொழுது, பரணில் கிடக்கும் பழைய கணினியைக் கீழிறக்கி, தூசி துடைத்து, அதனுள் உறங்கும் கோப்புகளைப் படியெடுக்க ஒவ்வொரு தமிழ் வீடும் முற்படுக! புதியது வாங்குவதா வேண்டாவா என்பதை அதன்பின் எண்ணிக்கொள்ளலாம்.